கரையேறிய தோணிகள், கப்பலேற்றப்பட்ட மனிதர்கள்: பிஜி இளைஞர்களின் பாய்மரப் பயணங்கள் சொல்லும் வரலாறு

பிஜியின் தலைநகர் சுவாவில் உள்ள அருங்காட்சியகத்தில் ஒரு தோணி நிற்கிறது. அதன் பெயர் ராத்து பினாவ். ஏறத்தாழ 13 மீட்டர் நீளம். பெரியதும் சிறியதுமாக இரண்டு உடல்களை இணைத்து நடுவில் மேடை கட்டியிருக்கிறார்கள். 1913ஆம் ஆண்டு கட்டப்பட்ட இந்தத் தோணிதான் பழைய முறையில் உருவான பெரிய இரட்டைத் தோணிகளின் வரிசையில் கடைசியாக எஞ்சியது. கடலில் ஓடவேண்டியது கூரைக்கடியில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறாண்டுகள் பிஜித் தீவுகளில் இப்படிப்பட்ட பெரிய தோணிகள் கடலில் இறங்கவில்லை.

1913 என்ற ஆண்டை நாம் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அதே காலத்தில்தான் கல்கத்தாவிலிருந்தும் மதராஸிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் பிஜிக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கப்பல்களில் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள். சாதியின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்தவர்களும் இருந்தார்கள். ஒரு மக்களின் தோணிகள் கரையேறிக்கொண்டிருந்தபோது இன்னொரு மக்கள் கப்பலேற்றப்பட்டார்கள். இரண்டும் நடந்தது ஒரே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ்.

இன்று பிஜியின் இளைஞர்கள் மீண்டும் பாய் விரித்துக் கடலில் இறங்கியிருக்கிறார்கள். "கடலைக் காப்போம், முன்னோரின் அறிவை மீட்போம்" என்பது அவர்கள் சொல்லும் செய்தி. இதை ஏதோ தூரதேசத்துச் செய்தி என்று நாம் கடந்துபோக முடியாது. "மரபை மீட்போம்" என்ற குரல் எங்கே கேட்டாலும் அது யாருடைய மரபு, மீட்கப்பட்ட பிறகு அதில் யாருக்கு இடம் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். பிஜியின் தோணியிடமும் அந்தக் கேள்விகளைக் கேட்போம். அந்தத் தோணி தரும் பதில் நமக்குச் சில புதிய விஷயங்களையும் கற்றுத்தருகிறது.

கடல் சாலையாக இருந்த காலம்

பிஜியில் மனிதர்கள் குடியேறி ஏறக்குறைய 3,000 ஆண்டுகள் ஆகின்றன. முதலில் வந்தவர்கள் லபித்தா பண்பாட்டு மக்கள் என்று தொல்லியலாளர்கள் அழைக்கும் கடலோடிகள். சுட்ட மண் பாண்டங்களில் புள்ளிப்புள்ளியாகக் கோலமிட்ட அவர்கள், திசைகாட்டி இல்லாமல் கிழங்கு, கோழி, பன்றியோடு கடலைத் தாண்டி வந்தார்கள். ஐரோப்பியர்கள் கரையோரமாகக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த காலத்துக்கு வெகு முன்பே உலகின் மிகப்பெரிய கடலில் மனிதர்கள் தீவு தீவாகக் குடியேறி முடித்திருந்தார்கள். இந்த உண்மையை ஒப்புக்கொள்ள ஐரோப்பியக் கல்வியுலகத்துக்கு நீண்ட காலம் பிடித்தது. காற்றடித்துத் தற்செயலாக ஒதுங்கியவர்கள் என்றுதான் பலர் எழுதினார்கள். கறுத்த மனிதர்களுக்குக் கணக்குத் தெரியும் என்பதை நம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை.

பிற்காலத்தில் பிஜியில் உருவான பெரிய தோணியின் பெயர் ட்ருவா. இதில் ஒரு உடல் பெரிது, இன்னொன்று சிறிது. சிறியது எப்போதும் காற்று வீசும் பக்கமாகவே இருக்க வேண்டும். எனவே காற்றுக்கு எதிராகப் போகத் தோணியைத் திருப்புவதில்லை. பாயைத் தூக்கி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொண்டுபோவார்கள். அணியமாக இருந்தது பின்புறமாகிவிடும், பின்புறம் அணியமாகிவிடும். புயற்கடலில் இதைச் செய்வதற்கு நல்ல பயிற்சியும், ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கமும் வேண்டும். பெரிய ட்ருவாக்கள் 30 மீட்டருக்கு மேல் நீளமானவை. இருநூறு பேருக்கு மேல் ஏற்றிச் சென்றவையும் உண்டு. 1789இல் தன் கப்பலில் நடந்த கலகத்தால் சிறு படகில் இறக்கிவிடப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் பிளை, பிஜித் தீவுகளுக்கு இடையே போகும்போது இரண்டு பெரிய பாய்த்தோணிகள் அவரைத் துரத்தின. உயிர்தப்பிய அந்தக் கடற்பகுதிக்கு இன்றும் அவர் பெயர்தான். துரத்தியவர்களின் பெயர் வரைபடத்தில் இல்லை.

ட்ருவாவைப் பற்றி இன்னொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். அது "தூய" பிஜிப் படைப்பு அல்ல. மரம் பிஜியினுடையது. தெற்கு லாவ் தீவுகளான கம்பாராவிலும் ஃபுலாங்காவிலும் வளர்ந்த வெசி என்ற கடினமான மரத்தைத் தேடித் தொங்கா நாட்டினர் கடல் கடந்து வந்தார்கள். தச்சர்களில் ஒரு பெரும் பிரிவான லெமாகி குடியினர் சமோவாவிலிருந்து வந்தவர்களின் வழியினர். பாய் கட்டும் முறை மைக்ரோனேசியத் தீவுகளின் முறையை ஒத்தது. தொங்காவில் இதே தோணிக்குக் கலியா என்று பெயர், சமோவாவில் அலியா. ஆக, பிஜியின் பண்பாட்டுச் சின்னமாக இன்று கொண்டாடப்படும் பொருள் பல நாட்டு மனிதர்கள் கலந்ததால் பிறந்தது. தூய்மை பேசுகிறவர்களுக்கு இந்தத் தோணியில் பிடிமானம் எதுவும் கிடைக்காது.

மரபுக்குள் இருந்த மேடு பள்ளம்

பழைய பிஜியைச் சமத்துவச் சொர்க்கமாக வரைந்துகாட்டினால் அது வரலாறு ஆகாது. அங்கும் பிறப்பு பலவற்றைத் தீர்மானித்தது. தலைவர் குடிகள் இருந்தன. போர்வீரர் குடிகள் இருந்தன. தோணி கட்டுவது மத்தாய்சாவ் என்ற தச்சர் குடிகளின் வேலை. தலைவருக்காக மீன் பிடிப்பது கோனெந்தாவ் என்ற குடிகளின் வேலை. கைசி என்ற சொல் தாழ்ந்த பிறப்பினரைக் குறித்தது, வசையாகவும் புழங்கியது. பிறப்போடு தொழிலைக் கட்டிவைக்கும் வழக்கம் எப்படிப்பட்டதென்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் வேறுபாட்டையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோணித் தச்சர் தொட்டால் தீட்டு என்ற கருத்து அங்கே இல்லை. கட்டும் கைகளுக்கு மதிப்பு இருந்தது. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் தச்சர்களுக்கு விருந்தும் பரிசும் தரவேண்டும் என்பது வழக்கம். உழைக்கிறவரை இழிவுபடுத்தி அவர் உழைப்பைத் தின்னும் நம் ஊர் ஏற்பாட்டை அதன்மேல் அப்படியே பொருத்த முடியாது.

ட்ருவா போர்க்கருவியாகவும் இருந்தது. பாவ் என்ற சிறு தீவின் தலைவர்கள் தோணிப்படையின் பலத்தால்தான் சுற்றியிருந்த பகுதிகளை அடக்கினார்கள். 1855இல் கம்பா என்ற இடத்தில் நடந்த போரில், பாவ் தலைவர் தாகொம்பாவுக்கு உதவத் தொங்கா மன்னர் தன் தோணிப்படையோடு வந்ததால்தான் தாகொம்பாவ் வென்றார். புதிய தோணியைக் கடலில் இறக்கும்போது சிறைப்பட்டவர்களை உருளைக் கட்டைகளாகக் கிடத்தி அவர்கள்மேல் தள்ளினார்கள் என்று 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் எழுதிவைத்தார்கள். தங்கள் பணியையும் பின்வந்த ஆட்சியையும் நியாயப்படுத்த வேண்டியிருந்தவர்களின் எழுத்து அது, அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் தோணியின் பெருமையைப் பேசும்போது, அதன் அடியில் நசுங்கியவர்கள் இருந்தார்களா என்ற கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது.

இன்னொரு மறைந்த உழைப்பு பெண்களுடையது. தாழை இன ஓலையைப் பதப்படுத்தி, கிழித்து, பின்னி, அந்தப் பெரிய முக்கோணப் பாய்களை உருவாக்கியவர்கள் பெண்கள். பாய் இல்லாமல் ட்ருவா வெறும் மரக்கட்டை. ஆனால் கடலோடிகளின் கதைகளில் தலைவர்களின் பெயர்களே நிற்கின்றன.

கரையேறிய தோணி, கப்பலேறிய கூலி

1874 அக்டோபர் 10 அன்று தாகொம்பாவும் பிற தலைவர்களும் பிஜியை பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த ஆண்டே தட்டம்மை வந்தது. சிட்னிக்குப் போய்த் திரும்பிய தாகொம்பாவின் பயணக் குழுவோடு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வந்த நோய் அது. ஏறக்குறைய 40,000 பேர் இறந்தார்கள். நாட்டில் நாலில் ஒருவர் அல்லது அதற்கும் மேல் போனார்கள். அறிவு வாய்மொழியாக நிற்கும் சமூகத்தில் ஒரு முதியவர் இறப்பது ஒரு நூலகம் எரிவது போலத்தான். எத்தனை தச்சர்கள், எத்தனை கடல்வழி அறிந்தவர்கள் அந்தச் சில மாதங்களில் மண்ணுக்குள் போனார்கள் என்ற கணக்கை யாரும் எடுக்கவில்லை.

பிறகு தோணியின் தேவையே குறைக்கப்பட்டது. போர்கள் நின்றன. ஐரோப்பிய வணிகர்களின் பாய்க்கப்பல்களும் நீராவிக் கப்பல்களும் சரக்கை எடுத்துக்கொண்டன. பூர்வகுடிகளான இதௌகெய் மக்கள் தங்கள் ஊரைவிட்டு நீண்ட நாள் வெளியே இருப்பதைக் காலனிய விதிகள் கட்டுப்படுத்தின. கடல் சாலையாக இருந்த மக்களுக்கு அது எல்லையாக மாறியது. பக்கத்தில் மிதவைக் கட்டை பிணைத்த தமக்காவு என்ற சிறிய பாய்த்தோணிகள் மட்டும் லாவ் தீவுகளில் எஞ்சின.

முதல் ஆளுநர் ஆர்தர் கோர்டன், இதௌகெய் மக்களைத் தோட்டக் கூலிகளாக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார். அவர்களைக் காக்க நினைத்த கொள்கை என்று இதைப் புகழ்வார்கள். அந்தக் காப்புக்கான விலையைக் கொடுத்தவர்கள் இந்தியாவின் ஏழைகள். 1879 மே 14 அன்று லியோனிடாஸ் என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு பிஜியை அடைந்தது. 1916 வரை 87 பயணங்களில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. அப்படிப் போன தென்னிந்தியர்கள் ஏறக்குறைய 15,000 பேர். தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசியவர்கள் அவர்கள்.

ஐந்தாண்டு ஒப்பந்தம். "அக்ரிமெண்ட்" என்ற சொல் உழைப்பாளிகளின் வாயில் "கிர்மிட்" ஆனது. அதில் கட்டுண்டவர்கள் கிர்மிட்டியர்கள். ஆணுக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று எழுதியிருந்தது. கொடுத்த வேலை முடியாவிட்டால் அதுவும் கிடையாது. பத்தடிக்கு ஏழடி அறைகளில் அடைத்தார்கள். பெரும்பாலான கரும்பு ஆலைகள் சி.எஸ்.ஆர். என்ற ஆஸ்திரேலிய சர்க்கரைக் கம்பெனியின் கையில் இருந்தன. அங்கே பெண்கள் பட்ட கொடுமைகளைக் கேள்விப்பட்டுத்தான் பாரதி "கரும்புத் தோட்டத்திலே" பாடலை எழுதினார்.

கடலைக் கடந்தால் சாதி போகும் என்றது சாத்திரம். சாதியிழப்புக்குரிய குற்றங்களின் பட்டியலில் பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தையும் வைத்திருக்கிறது. வட இந்தியாவில் அந்தக் கடலுக்குக் காலாபானி, கறுப்புத் தண்ணீர் என்று பெயர். ஆனால் கப்பலுக்குள் என்ன நடந்தது? எல்லாச் சாதியினருக்கும் ஒரே சமையல், ஒரே தண்ணீர், ஒரே தளம். பல வாரங்கள் அப்படிப் பயணம் செய்தவர்கள் ஒருவரை ஒருவர் ஜஹாஜி பாய், அதாவது கப்பல் சகோதரன் என்று அழைத்தார்கள். சாதியின் இடத்தில் கப்பல் ஒரு புதிய உறவைக் கொண்டுவந்து வைத்தது. பிஜியில் சாதி ஒரு நிறுவனமாக மீண்டும் எழுந்து நிற்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இதை விடுதலைக் கதையாக மட்டும் எழுதிவிடக் கூடாது. சாதி உடைந்த இடத்தில் சாட்டை காத்திருந்தது. தென்னிந்தியர்களை "மதராஸி" என்று வட இந்தியர்கள் இளக்காரமாகப் பார்த்ததும் அங்கே நடந்தது. ஊர் திரும்பியவர்களில் பலரைச் சொந்தக் கிராமம் சேர்க்கவில்லை. அப்படி விரட்டப்பட்டவர்கள் மீண்டும் பிஜிக்கே போகக் கப்பல் கேட்டுக் கல்கத்தாவின் மட்டியாபுருஜ் பகுதியில் காத்துக் கிடந்தார்கள்.

1884 மே 11 அன்று இரவு, சிரியா என்ற கூலிக் கப்பல் நசிலாய் பவளப்பாறையில் மோதி உடைந்தது. 59 பேர் இறந்தார்கள். தப்பியவர்களைக் கரைசேர்க்க அருகிலிருந்த கிராமத்து இதௌகெய் மக்களும் உதவினார்கள். கடல் அறிந்த மக்களும் கடலுக்கு அந்நியமான மக்களும் முதன்முதலில் கைகோத்த இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் காலனிய ஆட்சி அந்தக் கைகளைப் பிரித்தே வைத்தது. ஒருவருக்குக் கிராமம், இன்னொருவருக்குக் கரும்பு வயல். தனித்தனிப் பள்ளிகள், தனித்தனிச் சட்டங்கள். அந்தப் பிளவின் பலனைத்தான் 1987, 2000 ஆண்டுகளின் ஆட்சிக் கவிழ்ப்புகளில் பிஜி அறுவடை செய்தது.

மீண்டும் பாய் விரித்தவர்கள்

பசிபிக்கில் பாய்த்தோணிகளின் மறுபிறப்பு ஹவாயில் தொடங்கியது. 1976இல் ஹோக்குலேயா என்ற இரட்டைத் தோணி கருவிகள் எதுவும் இல்லாமல் ஹவாயிலிருந்து தஹிதிக்குப் போய்ச் சேர்ந்தது. தற்செயலாக ஒதுங்கியவர்கள் என்ற கதை அத்தோடு முடிந்தது. வழிகாட்டியவர் மைக்ரோனேசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். ஹவாயில் அந்த அறிவு உள்ளவர் யாரும் எஞ்சியிருக்கவில்லை. மாவ் வேறு இனத்தவர், வேறு மொழிக்காரர். தன் குடிக்குள்ளேயே காக்க வேண்டிய அறிவை அவர் வெளியாட்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரது சொந்த மக்களிலேயே சிலர் அதை எதிர்த்தார்கள். தன் தீவின் இளைஞர்கள் இதைக் கற்க முன்வராத நிலையில், பூட்டிவைத்தால் அறிவு செத்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தகுதியைப் பிறப்பில் தேடாமல் கற்க வந்தவரின் ஆர்வத்தில் தேடிய அந்த மனிதரை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பிஜியில் இந்த இயக்கம் 2009இல் ஒரு கடற்பயணச் சங்கமாகத் தொடங்கியது. 2010இல் அதற்கு ஊத்தோ நி யாலோ என்ற தோணி கிடைத்தது. 22 மீட்டர் நீளமுள்ள இரட்டைத் தோணி. ஒகேயானோஸ் என்ற கடற்காப்பு அறக்கட்டளையின் பணத்தில் நியூசிலாந்தில் கட்டப்பட்டது. உடல்கள் கண்ணாடியிழையால் ஆனவை. காற்று இல்லாத நேரத்துக்குச் சூரிய ஒளியில் இயங்கும் மோட்டார் உண்டு. இது மரபு அல்ல என்று சிலர் முகம் சுளிக்கலாம். ட்ருவாவே கலப்பில் பிறந்தது என்பதை முன்பே பார்த்தோம். கையில் கிடைத்ததைக் கொண்டு கடலைக் கடப்பதுதான் அங்கே மரபு.

2011இல் பசிபிக்கின் பல நாடுகளிலிருந்து இப்படிப்பட்ட ஏழு தோணிகள் சேர்ந்து கிளம்பின. நியூசிலாந்திலிருந்து ஹவாய்க்கும் அங்கிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் போனார்கள். பிறகு கலாபகோஸ் வழியாகத் திரும்பி, 2012இல் சாலமன் தீவுகளில் நடந்த பசிபிக் கலைவிழாவை அடைந்தார்கள். பெண்களும் ஆண்களும் முறைவைத்துச் சுக்கான் பிடித்தார்கள். பல பேர் அதற்கு முன் நீண்ட கடற்பயணம் எதுவும் போகாதவர்கள். விண்மீன் எழும் இடம், அலையின் திசை, பறவையின் போக்கு ஆகியவற்றைப் படிக்கக் கற்றார்கள். போகும் வழியில் நடுக்கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கையும் பார்த்தார்கள். கரையேறிய துறைமுகங்களில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். 2014இல் ஊத்தோ நி யாலோ மீண்டும் பிற தோணிகளோடு சிட்னிக்குப் போய், உலகப் பூங்காக்கள் மாநாட்டில் பசிபிக் தீவுகளின் குரலை ஒலித்தது. அதன்பிறகு பிஜியின் தொலைதூரத் தீவுகளுக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவது, குப்பையை அகற்றுவது, மரம் நடுவது என்று அதன் பணி தொடர்கிறது.

பழைய முறையிலும் வேலை நடக்கிறது. லாவ் தீவுகளின் மோதேயிலிருந்து தமக்காவுகளில் வந்து சுவாவின் கடற்கரையில் குடியேறிய குடும்பங்கள், தலைநகரின் நடுவிலேயே அந்தக் கலையை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவருகின்றன. நகரத்தின் ஓரத்தில் எளிய குடியிருப்பில் வாழும் மீனவர்கள் அவர்கள். பல்கலைக்கழகம் தேடும் அறிவு அவர்கள் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது.

இந்த இயக்கத்துக்கு ஒரு சிந்தனைப் பின்புலமும் உண்டு. சுவாவிலுள்ள தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த எப்பெலி ஹௌஓபா 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். பசிபிக் நாடுகளைப் பெருங்கடலில் சிதறிய சின்னஞ்சிறு புள்ளிகள் என்று பார்ப்பது காலனியப் பார்வை என்றார் அவர். தீவுகளும் கடலும் சேர்ந்த பெரிய உலகம் எங்களுடையது என்று வாதிட்டார். நீ சிறியவன், உன்னால் ஆகாது என்று மாணவர்களிடம் தானே சொல்லிக்கொடுத்து வந்ததை உணர்ந்து வெட்கப்பட்டுத்தான் அவர் அந்த வாதத்துக்கு வந்தார். நம்மை அளக்க அடுத்தவன் தரும் அளவுகோலை முதலில் தூக்கி எறியவேண்டும் என்ற பாடம் நமக்கும் புதியதல்ல.

கடலைக் காப்பது யார், யாருக்காக?

கடல் பாதுகாப்பு என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். உலகின் பல இடங்களில் அது கடலோர ஏழைகளைக் கடலிலிருந்து விரட்டும் சொல்லாக மாறியிருக்கிறது. பிஜியின் அனுபவத்தில் வேறு ஒரு பாதை தெரிகிறது. அங்கே ஒவ்வொரு குடிக்கும் கோலிகோலி என்ற மரபுவழி மீன்பிடிப் பகுதி உண்டு. தலைவர் இறந்தால் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலம் மூடிவைப்பார்கள். அந்தத் தடைக்குத் தம்பு என்று பெயர். 1997இல் வெராத்தா பகுதியின் உதுனிவனுவா கிராமத்தார் அந்தப் பழைய வழக்கத்தையே புதிய நோக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள். குறைந்துபோயிருந்த கிளிஞ்சல் வகையைக் காக்க 24 ஹெக்டேர் பகுதியை மூன்றாண்டுகள் மூடினார்கள். எண்ணுவதும் பதிவதும் கிராமத்தாரே, பல்கலைக்கழகத்தினர் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். கிளிஞ்சல்கள் பல மடங்கு பெருகின. மூடிய பகுதிக்கு வெளியேயும் பெருகின. மற்ற கிராமங்கள் அதைப் பின்பற்றின. ஒரு வலைப்பின்னலே உருவானது. அந்தக் கடலால் வயிறு நிறைக்கும் மக்களே விதியைப் போட்டார்கள். அதனால்தான் விதி நின்றது.

ஆனால் உரிமை என்று வரும்போது சிக்கலும் வருகிறது. கோலிகோலிகளின் முழு உடைமையை இதௌகெய் மக்களுக்குத் தரும் மசோதா 2006இல் பெரும் மோதலைக் கிளப்பியது. சுற்றுலா விடுதிகள் எதிர்த்தன, இராணுவம் எதிர்த்தது. அந்த ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. இன்னொரு பக்கம், விற்பனைக்காக மீன்பிடிக்க விரும்பும் இந்திய வம்சாவளி மீனவர், கோலிகோலி உடையவர்களின் சம்மதத்தைப் பெற்றே உரிமம் வாங்க முடியும். பூர்வகுடியின் உரிமை நியாயமானது. நான்கைந்து தலைமுறையாக அதே கரையில் வாழும் ஏழை மீனவரின் பசியும் நியாயமானது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களிடம் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

2017இல் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த காலநிலை மாநாட்டுக்கு பிஜி தலைமை ஏற்றது. மாநாட்டு வாசலில் ஒரு ட்ருவாவை நிறுத்தினார்கள். நாம் எல்லோரும் ஒரே தோணியில் இருக்கிறோம் என்பது பிஜி சொன்ன செய்தி. அழகான செய்திதான். ஆனால் பழைய ட்ருவாவில் மேடைமேல் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு, உடலுக்குள் இறங்கி ஓயாமல் தண்ணீரை இறைத்துக் கொட்டியவர்களும் உண்டு. புகையைக் கக்கிய நாடுகள் மேடைமேல் இருக்கின்றன. 2014இலேயே கடல் ஏறியதால் ஊரையே இடம் மாற்றவேண்டி வந்த பிஜியின் வுனிதொங்கொலோவா கிராமம் தண்ணீரில் நின்று இறைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே தோணிதான், ஆனால் இடங்கள் ஒன்றல்ல.

இதைப் புரிந்துகொண்டவர்கள் பசிபிக்கின் மாணவர்கள். 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் வனுவாத்து வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். காலநிலை குறித்து நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றம் சொல்ல வேண்டும் என்றார்கள். 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23 அன்று, காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று நீதிமன்றம் கருத்துரைத்தது. வகுப்பறையில் தொடங்கிய பேச்சு ஹேக் நகரம் வரை போய்ச் சேர்ந்தது. தோணியில் போனவர்களும் மனு எழுதியவர்களும் ஒரே தலைமுறையினர்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

2023 மே மாதம் பிஜியில் முதன்முறையாக கிர்மிட் நாள் அரசு விடுமுறையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. 1987இல் ஆட்சியைக் கவிழ்த்த ரபுகா, இப்போது பிரதமராக அந்த நாளையொட்டி மன்னிப்புக் கேட்டார். ஒரு மன்னிப்பால் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் லியோனிடாஸும் பிஜியின் வரலாற்றுக்குள் வந்த கப்பல்தான் என்று அந்த நாடு ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. கூலிக் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாளை பாய்த்தோணியின் சுக்கானைப் பிடிக்கும்போது கடல் அவர்களுக்குக் காலாபானியாக இருக்காது. இறக்கிவிடப்பட்ட கடலில் தாங்களே வழி தேடிப் போவார்கள். அந்த இடம் அவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்பதுதான் இந்த இயக்கம் தன்னைத் தானே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கேள்வி.

தோழர்களே, மரபு என்றாலே ஒதுங்கிப்போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. மரபின் பெயரால்தான் நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆனால் பிஜியின் தோணி இன்னொன்றையும் காட்டுகிறது. மரபில் ஆதிக்கம் ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம். தலைவரின் தோணியில் தச்சரின் அறிவு இருந்தது, பாய் பின்னிய பெண்ணின் அறிவு இருந்தது, தண்ணீர் இறைத்தவரின் உழைப்பு இருந்தது. ஆதிக்கத்தைக் கரையில் விட்டுவிட்டு அறிவை மட்டும் ஏற்றிக்கொண்டு போக முடியும். அதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். கற்க வருகிறவரின் பிறப்பைக் கேட்கக் கூடாது. பெண்கள் சுக்கான் பிடிக்க வேண்டும். கடலால் வாழ்கிறவரே கடலுக்கு விதி எழுத வேண்டும்.

சுவா அருங்காட்சியகத்தில் நிற்கும் ராத்து பினாவைப் பார்த்துவிட்டு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கதைகளும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். அந்தத் தோணி ஏன் நின்றது என்ற கதையும், அது நின்ற காலத்தில் யார் யாரெல்லாம் எந்தக் கப்பல்களில் வந்து இறங்கினார்கள் என்ற கதையும். இரண்டையும் தெரிந்துகொண்டு கடலில் இறங்கும் இளைஞருக்குத்தான் எந்தத் திசையில் போகக் கூடாது என்பது தெரியும்.